ஜெர்மனியிலிருந்து வர வேண்டிய பார்ட்ஸ்

பேச்சிமுத்துவை ஏமாற்றுவது லேசுப்பட்ட காரியமில்லை. செங்கோட்டைக் கணவாய் தாண்டி நெல்லும் வாழைத்தாரும் ஏற்றிப்போகிற இரண்டு லாரிகளுக்குச் சொந்தக்காரர். இவரிடம் பாச்சா பலிக்காது என்று டயர் வியாபாரிகளே கைகழுவிவிட்டார்கள். அப்பேர்ப்பட்டவர் ஒரே ஒரு பொய்யை ஒன்பது வருஷம் நம்பினார் என்றால், நம்ப ஆசைப்பட்டு நம்பினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

தென்காசியில் அப்போது திறந்த கார் என்றால் பண்ணையார் சிவனணைந்தபெருமாளின் பென்ஸ்தான். ஜெர்மன் வண்டி. மலை எஸ்டேட் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது அவரிடமிருந்து வாங்கியது. பால் நிறம், சிவப்புத் தோல் சீட்டு. கித்தான் டாப்பை மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டால் கல்யாண ஊர்வலத்துக்கென்றே செய்தது மாதிரி இருக்கும். மாப்பிள்ளை மாலையும் கழுத்துமாக அதில் ஏறி, கோயிலை ஒட்டிய பண்ணையார் தெரு வழியாக வந்தால்தான் கல்யாணம் களைகட்டும். வாடகை என்று பண்ணையார் ஒரு பைசா வாங்கமாட்டார்.

ஐம்பத்தேழு ஆவணியில் மகன் நல்லகண்ணுவின் கல்யாணத்துக்குப் பேச்சிமுத்துவும் போய்க் கேட்டார். பண்ணையாரின் முகம் வாடிவிட்டது.

"கார்புரேட்டர் போயிட்டுப்பா. பார்ட்ஸ் ஜெர்மனியிலேருந்து வரணும். வண்டி ஓடினா உனக்கு இல்லன்னா சொல்லுவேன்?"

நல்லகண்ணு வில்வண்டியில் போனான், அதுவும் வேறு தெரு வழியாக.

"அது வண்டிக் கோளாறு இல்ல," என்றாள் மனைவி பாலம்மாள் அன்றைக்கே. "நம்ம ஆளு ஒருத்தன் அந்தத் தெருவுல உசரமா உக்காந்து வந்தா அவுக சனம் சும்மா இருக்குமா? அதுக்குப் பயந்து சொல்லுதாரு."

"ஏட்டி, அவரு தங்கமான மனுசன்," என்று பேச்சிமுத்து சண்டைக்குப் போனார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முதல் லாரி வாங்கியபோது ஜாமீன் கையெழுத்துப் போட யாரும் முன்வரவில்லை, பண்ணையார்தான் போட்டார். அப்படிப்பட்டவரைப் பொய்யர் என்று எப்படி நினைப்பது? மகனும் அம்மா கட்சி. பிலாய் உருக்காலைக்கு வேலைக்குப் போனவன், லீவில் வரும்போது அந்தப் பேச்சு எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவான். பேச்சிமுத்து மட்டும், வண்டி ஓடியதாகக் கேள்விப்பட்டாலும் ஒட்டுப்போட்டு ஓட்டுகிறார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, பண்ணையாரைப் பார்க்கிறபோதெல்லாம் அக்கறையாகக் கேட்பார்:

"அய்யா, பார்ட்ஸ் வந்துட்டா?"

பண்ணையார் தலையைக் குனிந்துகொள்வார். பாவம், வண்டி மேல் எவ்வளவு பிரியம் என்று இவர் நினைத்துக்கொள்வார்.

அந்த வண்டியைத்தான் அறுபத்தாறு ஆனியில் விற்கப்போவதாகத் தகவல் வந்தது. நிலம் சுருங்கிப்போன பண்ணையாருக்குப் பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகவில்லை. பேச்சிமுத்து அன்றைக்கே போய் நின்றார். பேரப்பிள்ளைகளையாவது அதில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

"வாரும் பேச்சிமுத்து, இரும்," என்று பண்ணையார் நாற்காலியைக் காட்டினார். முன்பெல்லாம் வெறும் 'வா'தான், நின்றபடிதான். விலையைச் சொன்னார். ஓட்டிப் பார்க்க டிரைவர் சங்கரபாண்டியைக் கூடவே அனுப்பினார்.

குற்றாலம் போகும் வழியெல்லாம் வண்டி ஒரு முனகல் இல்லாமல் ஓடியது. பேச்சிமுத்துவுக்கு மனசு நிறைந்துவிட்டது.

"பார்ட்ஸ் லேட்டா வந்தாலும் ஜெர்மன்காரன் நல்லதாத்தான் அனுப்பியிருக்கான்."

"எந்தப் பார்ட்ஸு அண்ணாச்சி?" விலை படிய வேண்டுமே என்று சங்கரபாண்டிக்கு ரோஷம் வந்துவிட்டது. "வாங்கின நாளு மொதலா நான்தான் ஓட்டுதேன். ஒரு நாளு படுத்ததில்ல, ஒரு ஸ்குரு மாத்தினதில்ல."

"ஐம்பத்தேழு ஆவணியில?"

"அந்த ஆவணியா? அம்புட்டும் கல்யாணம்லா! எனக்குச் சாப்பிட நேரமில்ல. வண்டி அலுக்கலையே!"

பேச்சிமுத்து அருவிக்கரையில் வண்டியை நிறுத்தினார். சீசன் கூட்டம் கும்மாளமாகக் குளித்துக்கொண்டிருந்தது. கோபம் முதலில் பண்ணையார் மேல் வரவில்லை, தன் மேல்தான் வந்தது. பெற்ற பிள்ளைக்கு நடந்த அவமானத்தை அவமானமே இல்லை என்று அவனிடமே சாதித்திருக்கிறாரே! ஒன்பது வருஷமும் அந்த மனுஷர் தலையைக் குனிந்தது வண்டியை நினைத்து அல்ல. அது இப்போது புரிந்தது. புரிந்தும் வலி குறையவில்லை.

திரும்பி வந்து, பேரம் பேசாமல் சொன்ன விலையைக் கொடுத்தார். சாரல் பிடித்திருந்தது. பண்ணையார் கேட் வரைக்கும் கூடவே வந்தார்.

"நனைஞ்சிருவீரு. டாப்ப ஏத்தி மூடிட்டுப் போம்," என்றவர், எதிர்வீட்டு வாசல்களைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "தெரு முக்கு வரைக்குமாவது."

பேச்சிமுத்து அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

"டாப்பு ரிப்பேருங்கய்யா. பார்ட்ஸ் ஜெர்மனியிலேருந்து வரணும்."

பண்ணையார் கேட்டைப் பிடித்தபடி நனைந்துகொண்டு நின்றார். ஜாமீன் போட்ட கை அது. பேச்சிமுத்துவுக்கு ஜெயித்த சந்தோஷம் துளிகூட வரவில்லை. வண்டியை மட்டும், மேளத்துக்குப் பின்னால் போகிற வேகத்தில், டாப்பைத் திறந்தபடியே ஓட்டிக்கொண்டு போனார்.

வீட்டு வாசலில் ஹாரன் கேட்டுப் பாலம்மாள் வந்து எட்டிப் பார்த்தாள்.

"இது என்ன கோலம்? மூடிட்டு வரத் தெரியாதா உமக்கு?"

"நீ சொன்னதுதான் சரி, பாலம்மா."

எது என்று அவள் கேட்கவில்லை. முந்தானையால் சீட்டின் ஈரத்தைத் துடைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"வண்டியத் திருப்பும்," என்றாள். "அந்தத் தெரு வழியாவே போம்."