ஐம்பதுக்கு நான்கு குறைவு

பிசகிய நாணயங்களை அளந்து சான்று எழுதுவது என் வேலை. அச்சு விழும்போது தகடு நகர்ந்துவிட்டால் உருவம் ஒரு பக்கமாக ஒதுங்கி, மறுபக்கம் பிறை மாதிரி வெறுமையாக நிற்கும். எத்தனை சதவீதம் விலகல் என்று சொல்லத்தான் எனக்குச் சம்பளம். ஆண்டு எண் தெரிய, சரிபாதி விலகியிருந்தால் சேகரிப்பவர்கள் அடித்துக்கொள்வார்கள். நாற்பத்தாறு என்றால் கொட்டாவி விடுவார்கள்.

நேற்றுக் காலை, நாணயம் சேகரிக்கும் வக்கீல் ஒருவர் அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார்.

"புதுச் சான்று வேணும்மா. இதுல மை மங்கிடுச்சு."

பழைய சீட்டில் என் கையெழுத்து. நாற்பத்தாறு. என் அண்ணன் பதினோரு வருடம் கண்ணாடிக் கூட்டுக்குள் பொத்திவைத்து, என் பேச்சை நம்பிப் பாதி விலைக்கு இவரிடம் விற்ற நாணயம் அது.

பிறையின் அகலம் பன்னிரண்டு மில்லிமீட்டர். அதைப் பிசகாத நாணயத்தின் குறுக்களவால் வகுக்க வேண்டும், அதாவது இருபத்து நான்கால். ஐம்பது வந்தது. மறுபடி அளந்தேன். சனியன், அதே ஐம்பது.

நான்கு வருடத்துக்கு முன் செய்த கூத்து அப்போதுதான் புரிந்தது. விளிம்பை இறுக்கிப் பிடிக்கும் அச்சு வளையத்துக்கு வெளியே அடிபட்ட உலோகம் பிதுங்கி நீண்டுவிடும். இந்த நாணயம் இருபத்தாறுக்கு நீண்டிருக்கிறது. நல்ல நாணயத்தை எடுக்காமல் இதையே அளந்து, அந்த இருபத்தாறால் வகுத்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களை இதே தப்புக்காக, "கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்று கிழிக்கிறவள் நான். ஊருக்குத்தான் உபதேசம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதையாக நாற்பத்தாறு என்றே எழுதிவிடலாம். வக்கீலைப் பற்றிக் கவலையில்லை. எனக்குப் பயம் அண்ணனை நினைத்துத்தான். 'என் தங்கச்சி சொன்னா சொன்னதுதான்' என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்கிறவன். உண்மையை எழுதினால் அவனிடம் சொல்லியே ஆக வேண்டும்.

ஐம்பது என்று எழுதினேன்.

"அடேங்கப்பா! கூட்டுக்குள்ளயே வளந்துடுச்சா?" என்றார் வக்கீல்.

"வளரலை சார். நான்தான் தப்பா அளந்துட்டேன்."

அவர் சிரித்துக்கொண்டே போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணன் லேத் பட்டறையில் கடைசல் வேலை பார்க்கிறான். போன் போட்டு, மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். பின்னால் ஓடிக்கொண்டிருந்த மெஷின் நின்றது.

"அம்பதா? நல்லாப் பாத்தியா?"

"ரெண்டு தடவை பாத்தேன். திட்டறதுன்னா திட்டிடு அண்ணா."

"உன்கிட்ட கொண்டு வர்றதுக்கு முன்னாடி பட்டறையில நானும் அளந்தேன். எனக்கு அம்பதுதான் வந்துச்சு."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே. லேத் ஓட்டுறவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்னு கேட்ட."

கேட்டிருப்பேன். என் வாய் அப்படி.

"நீ சொன்னா தப்பா இருக்காது, எனக்குத்தான் கை பிசகுதுன்னு நெனச்சேன். அதுக்கப்புறம் எந்த வேலையா இருந்தாலும் மூணு தடவை அளந்துட்டுத்தான் வெட்டுறேன். லேட் பண்றேன்னு முதலாளிகிட்ட தினமும் ஏச்சு." பிறகு கேட்டான். "அப்போ என் கை சரியாத்தான் இருந்திருக்கு, இல்ல?"

"சரியாத்தான் இருந்துச்சு அண்ணா."

அழுதுவிட்டேன். "சரி சரி, வேலை கிடக்கு" என்று அவன் மெஷினைப் போட்டான்.