வெண்ணெய் கடைந்த கார்

தன் கார் நின்ற இடத்திலேயே வெண்ணெய் கடையும் என்று லிஃப்ட்காரர் சாப்பாட்டு மேசையில் அடித்துச் சொன்னார். சொன்ன வேகத்தில் அவருக்கே ஒரு கணம் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் சொல்லியாகிவிட்டது, பின்வாங்குவது அவர் பரம்பரையிலேயே கிடையாது.

எதிரே உட்கார்ந்திருந்த சகலை சிரிக்கக்கூட இல்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அப்படியே பாத்திரமும் தேய்க்குமா, துணி துவைத்துக் காயப்போடுமா என்று நிதானமாக விசாரித்தார். சகலை சாதாரண ஆள் இல்லை. கடை கடையாய்ப் போய் எடைக்கற்களைச் சோதித்து ஓய்வு பெற்றவர். ஒரு கிலோவை ஒரு கிலோ என்று ஒப்புக்கொள்ளவே அவருக்கு அரை நாள் வேண்டும். தங்கள் கல்யாணப் போட்டோவையே இன்னும் சரிபார்த்து முடிக்கவில்லை என்று அவர் மனைவி சொல்வாள்.

லிஃப்ட்காரர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதற்கு முன்கதை உண்டு. ஆயுள் முழுக்க லிஃப்ட் மோட்டாருக்கு அடியில் ரப்பர் கட்டை வைத்தவர் அவர். மேலே மோட்டார் உறுமினால் கீழே தூங்கும் குழந்தை இமைகூட அசைக்கக் கூடாது, அதுதான் தொழில். ஓய்வு பெற்ற கையோடு சிவப்பு நிறத்தில் ஒரு பழைய பந்தயக் கார் வாங்கினார். மூத்தவர்களுக்கான கார் பந்தயத்தில் அதைக் கொண்டுபோய் நிறுத்தினார். மூன்றாவது கியருக்கு மாற்றும்போது எஞ்சின் தன் ரப்பர் மவுண்டிங்கின் மேல் எகிறிக் குதித்தது. கியர் விழாமல் அவர் மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, ஒரு கணக்கு வாத்தியார் பக்கவாட்டில் முந்திப் போனார். முந்தியதைக்கூட மன்னித்திருப்பார். போகிறபோக்கில் வாத்தியார் கையசைத்ததுதான் பொறுக்கவில்லை.

கார் போய்ச் சேர்ந்த ஷெட்டின் மெக்கானிக் அம்மாள் விளக்கமாகத்தான் சொன்னாள். எஞ்சினைக் காரின் உடம்போடு பிடித்துவைப்பவை மூன்று மவுண்டிங்குகள். பின்னால் இருப்பதை மட்டும் கெட்டி அலுமினியமாக மாற்றினால் போதும், துள்ளல் அடங்கிவிடும். மற்ற இரண்டும் ரப்பராகவே இருக்கட்டும்.

"மூணையும் கெட்டியா போட்டா எஞ்சின் ஆடாது சார். நீங்க ஆடுவீங்க."

லிஃப்ட்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரப்பர் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு ஆபீஸ் ஞாபகம் வந்தது. மூன்றையும் மாற்றச் சொல்லிவிட்டார்.

கியர் இப்போது பூட்டில் சாவி விழுகிற மாதிரி விழுந்தது. மற்றதெல்லாம் கழன்று விழுந்தது. பின்னால் பார்க்கிற கண்ணாடியில் ஒரு லாரி ஊர்வலமாகத் தெரிந்தது. ஸ்டார்ட் செய்தால் எதிர்வீட்டுச் சுவர்க்கடிகாரம் பயந்துபோய் முன்னால் ஓடியது. சிக்னலில் பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர்காரர், நிலநடுக்கம் என்று வண்டியைப் போட்டுவிட்டு ஓடினார். வீட்டம்மா ஒரே ஒரு தடவை தங்கை வீடுவரை போய் வந்தாள். இறங்கிய பிறகும் அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. ஒரு காதில் தோடு இல்லை.

"இந்த வண்டியால வீட்டுக்கு ஒரே ஒரு பிரயோஜனம் காட்டுங்க" என்றாள். "காட்டிட்டா வெச்சுக்குங்க. இல்லேன்னா ஞாயித்துக்கிழமையே வித்துடலாம்."

அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் வெண்ணெய். சகலையே நடுவர் என்று வீட்டம்மா அந்தச் சாப்பாட்டு மேசையிலேயே தீர்ப்பெழுதிவிட்டாள்.

சனிக்கிழமை காலை மெக்கானிக் ஷெட்டில் எல்லோரும் கூடினார்கள். சகலை தன் கையாலேயே ஒரு கண்ணாடி ஜாடியில் பாதிவரை பாலாடை ஊற்றினார், மூடினார், மூடியைக் கம்பியால் சுற்றினார், கம்பியின் முனையில் ஈயத்தை வைத்து இடுக்கியால் நசுக்கி முத்திரையும் போட்டார். அந்த இடுக்கி அவரோடு சேர்ந்தே ஓய்வு பெற்றிருந்தது. ஜாடியைப் பின்சீட்டில் வைத்து பெல்ட் மாட்டினார். பக்கத்தில் தானும் உட்கார்ந்து தனக்கும் மாட்டிக்கொண்டார்.

லிஃப்ட்காரர் சாவியைத் திருகினார். ஷெட்டின் தகரக்கூரை படபடத்தது, புறாக்கள் வேறு முகவரி தேடிப் போயின. பாலாடை மட்டும் பெரிய மனுஷத் தோரணையில் லேசாகச் சிலிர்த்துவிட்டுச் சும்மா இருந்தது. நேரம் போயிற்று. சகலையின் முகத்தில் திருப்தி பரவிற்று. மெக்கானிக் அம்மாள் பழைய ரப்பர் மவுண்டிங்குகளைக் கழுவித் துடைத்துக் கையில் வைத்துக்கொண்டு, விற்பதற்கு முன் அலுமினியத்தைக் கழற்ற ஆரம்பிக்கலாமா என்று கண்ணாலேயே கேட்டாள்.

லிஃப்ட்காரர் ஸ்டியரிங்கை ஒருமுறை தடவிப் பார்த்தார். நாளைக்கு இந்நேரம் இதை வேறு யாரோ பிடித்திருப்பார்கள். அந்த வாத்தியாராகக்கூட இருக்கலாம்.

அப்போதுதான் பழைய தொழில் கைகொடுத்தது. ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு பொல்லாத வேகம் உண்டு. அதைத் தொட்டுவிட்டால் கட்டடமே கூடச் சேர்ந்து ஆடும். அந்த வேகத்தைக் கண்டுபிடித்து விலக்குவதற்குத்தான் இத்தனை காலம் சம்பளம் வாங்கினார். இப்போது அதை வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட வேண்டியதுதான். காலை ஆக்ஸிலேட்டர் மேல் பூப்போல வைத்து மெல்ல மெல்ல அழுத்தினார். கண்ணாடி மங்கியது, ஆனால் அது இல்லை. கதவின் பிடி முனகியது, அதுவும் இல்லை. இன்னும் ஒரு மயிரிழை அழுத்தியதும் பின்சீட்டிலிருந்து தாளம் கிளம்பியது. சகலையின் பல்செட்.

மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒன்றையொன்று விடாமல் விசாரித்தன. லிஃப்ட்காரர் காலை அங்கேயே நிறுத்தினார். தாளம் தளர்ந்தால் கொஞ்சம் அழுத்தினார், துரிதமானால் கொஞ்சம் விட்டார். அவ்வளவு துல்லியமான மீட்டர் எந்தக் காரிலும் வந்ததில்லை. சகலை ஏதோ ஆட்சேபிக்க விரும்பினார். ஆனால் பல்லைப் பிடித்துக்கொள்ளவே அவருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

ஜாடிக்குள் தளக் தளக் என்றிருந்த சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு தொப்பென்று ஏதோ புரண்டது.

எஞ்சினை அணைத்ததும் உலகமே செவிடாகிவிட்ட மாதிரி இருந்தது. வீட்டம்மா ரொட்டியோடு தயாராக நின்றாள். வெண்ணெயாக இருந்தால் வண்டி இருக்கட்டும், ஆனால் அதில் தான் ஏற வேண்டுமென்றால் முன்னிரண்டு மவுண்டிங்கும் ரப்பராகத் திரும்ப வேண்டும் என்றாள். லிஃப்ட்காரர் உடனே சம்மதித்தார். முழங்காலுக்குக் கீழே தனக்கு இன்னும் கால் இருக்கிறதா என்பதே அவருக்கு உறுதியாகத் தெரியவில்லை.

சகலை இறங்கி, பக்கவாட்டில் நாலடி போய், நேராகத் திரும்பி வந்தார். லென்ஸை எடுத்து முத்திரையைப் பார்த்தார். கம்பியை முறுக்கிப் பார்த்தார். பிறகுதான் வெட்டினார். ஜாடியைக் கவிழ்த்ததும் மோர் ஒழுகி, மஞ்சளாய் ஓர் உருண்டை அவர் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது. முகர்ந்தார். நுனிவிரலால் தொட்டு நாக்கில் வைத்தார். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாய் பேசுவதற்கு முன் தாடை ஒருமுறை தானாகவே அடித்துக்கொண்டது.

"கடைஞ்சிருக்கு, சகலை" என்றார். "முத்திரை என்னோடது. நானும் உள்ளேதான் இருந்தேன்."