ஊத்துப்பாறைக்கு வாய்த்த களவாணி

அடுத்தவர் வீட்டுப் பொருள்கள் தாமாகவே நடந்து கோகுல் வீட்டுக்கு வரத் தொடங்கியது பங்குனியில், பூண்டு விலை சற்று இறங்கியிருந்த வாரத்தில். முதலில் வந்தது, பக்கத்து வீட்டு ராமரின் பரணில் புகை பட்டுக்கொண்டிருந்த பூண்டுக்கட்டு. வேலியைத் தாண்டி, கேரட் பாத்தியை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்திருந்தது. மறுநாள் ஒரு கிரைண்டர் ஒயரை வால் மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. கோகுல், மலையிலிருந்து வத்தலக்குண்டு மார்க்கெட்டுக்குப் பூண்டு ஏற்றிப்போகும் வேன் டிரைவர். அடுத்தவரிடம் தீப்பெட்டி கேட்கவே கூச்சப்படுகிறவன். அவன் மனைவி மகாதேவி வெள்ளனே எழுந்து, வந்த பொருளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போய் உரியவர் வாசலில் வைத்துவிட்டு வருவாள். அதை நாலு பேர் பார்த்தார்கள். களவுபோன பொருளோடு ஒருத்தி நடந்தால், அவள் எந்தத் திசையில் நடக்கிறாள் என்று யாரும் கவனிப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு மைக். புதிதாக மாற்றலாகி வந்த இன்ஸ்பெக்டர், மலைக்குக் கீழே உள்ள ஊர் ஒன்றைச் சேர்ந்தவர், அதற்கு முந்தின வாரம் சமுதாயக்கூடத்தில் குற்றத்தடுப்பு விழிப்புணர்வுக் கூட்டம் போட்டார். மகளிர் குழு சார்பில் வரவேற்றுப் பேச வந்த அன்னக்கொடி, தன் அண்ணன் மகன் கோகுல் தாமதமாக உள்ளே நுழைவதைப் பார்த்து, பாசம் தாங்காமல், “ஏலே களவாணிப்பயலே, இம்புட்டு நேரம் எங்கலே போன? வெரசா வந்து ஒக்காரு” என்று மைக்கிலேயே சொன்னாள். ஊத்துப்பாறையில் அது கன்னத்தைக் கிள்ளுவதற்குப் பதிலாகச் சொல்லும் சொல். தொட்டிலில் கிடக்கும்போது ஒருமுறையாவது களவாணி என்று கொஞ்சப்படாதவன் அந்த ஊரில் கிடையாது. இன்ஸ்பெக்டருக்கு அது தெரியாது. “யாரும்மா அந்தக் களவாணி?” என்று எழுந்தார். அவ்வளவு பெரிய அதிகாரி கேட்கும்போது அப்படியெல்லாம் யாரும் இல்லை என்று சொல்லி அவர் முகத்தை வாடவைக்க ஊருக்கு மனம் வரவில்லை. எல்லோரும் கோகுலைக் கைகாட்டினார்கள். “களவாணி கோகுல்” என்று அவர் மைக்கில் உறுதிப்படுத்தினார். எதிர்ப் பாறையும் வழிமொழிந்தது.

மகாதேவிக்குத் தூக்கம் போயிற்று. ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடுவாள். இவரைக் கூட்டிப்போய்விடுவார்கள், கீழே இறக்கிவிட்டால் மலையேறித் திரும்ப வரமாட்டார், என்பது ஒன்றுதான் அவளுக்கு எந்நேரமும் நினைப்பு. கோகுலின் சட்டை முனையைத் தன் மணிக்கட்டில் முடிந்துகொண்டுதான் படுப்பாள். படுத்தபடியே விடிய விடிய விழித்திருப்பாள்.

விஷயம் கொடைக்கானல் வரை போய், ஒரு குற்றவியல் ஆய்வுக் குழு வந்தது. முனைவர் இராமலிங்கம், ஆசைக்கும் அதை அடையும் வழிக்கும் நடுவே விழுந்த பள்ளமே குற்றத்தின் ஊற்று என்ற கொள்கையுடையவர். அந்தப் பள்ளத்தை அளப்பதற்காக, “உனக்கு வாழ்க்கையில் என்னப்பா வேண்டும்?” என்று கேட்டார். “ஒண்ணும் வேண்டாங்க. வர்றத நிறுத்தச் சொல்லுங்க” என்றான் கோகுல். ஆசையை மறைப்பது ஆசையின் முற்றிய நிலை என்று முனைவர் விளக்கினார். முனைவர் ஷைலா அதை ஏற்கவில்லை. குற்றம் சகவாசத்தால் கற்கப்படுவது என்பது அவர் கட்சி. எனவே கோகுலோடு யாரும் பேசக் கூடாதென்று ஏற்பாடாயிற்று. அதன்பிறகு பொருள்கள் மட்டுமே அவனுக்குச் சகவாசமாயின. உடைந்து கிடப்பதைச் சரிசெய்யாத தெருவில்தான் குற்றம் முளைக்கும் என்று இன்னொரு கட்சி கிளம்பி, வெகுநாள் எரியாத தெருவிளக்கை மாற்றினார்கள். அன்று மாலையே விளக்கு கம்பத்தோடு கோகுல் வீட்டுக்கு வந்து, எரிந்துகொண்டு நின்றது.

கடைசியில் எல்லோரும் மதிய உணவுக்குப் பிறகு ஒத்துப்போனார்கள்: அவனுக்குச் சூட்டிய பெயரே குற்றவாளி. பெயரைத் துடைப்பதற்கு விழா எடுத்து, செண்பகனூர் முதல் ஊத்துப்பாறை வரை பிளெக்ஸ் வைத்தார்கள்: ‘திருந்திய களவாணி கோகுலை வாழ்த்தி வரவேற்கிறோம்.’ அதுவரை கேள்விப்படாத ஊர்களுக்கும் செய்தி எட்டியது. ரிசார்ட் பிரம்பு நாற்காலிகள் வந்தன. ஏரியிலிருந்து அன்னப்பறவைப் படகு ஒன்று, மிதிப்பதற்கு ஆளில்லாமல், தண்ணீர் சொட்டச் சொட்ட மேட்டில் ஏறி வந்தது.

மகாதேவி அன்னக்கொடியின் காலைப் பிடித்தாள். “நீங்க சொன்ன வார்த்தைதான சின்னம்மா, நீங்களே ஊரக் கூட்டித் திருப்பி எடுத்துருங்க.” அன்னக்கொடி அழுதபடி கிளம்பினாள். ராமர் வழிமறித்தார். தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் வருஷக்கணக்காக முகம் பார்க்காத இரண்டு தெருக்கள் இப்போது சேர்ந்து காவல் காத்தன. சேர்ந்து பணியாரம் சுட்டன. தங்களில் யோக்கியர் யார் என்ற பழைய வழக்குகூடத் தீர்ந்துபோயிருந்தது: கோகுல் தவிர எல்லோரும்.

“மதினி, இப்பத்தான் ஊரு ஒண்ணா கெடக்கு. கெடுத்துறாதீங்க.”

“எம் மருமகன் போயிருவானேப்பா!”

“போனா என்ன, பாக்க வேன் வச்சுப் போவோம். மொத்த ஊரும் போவோம்ல!”

அன்னக்கொடி திரும்பி வந்து, முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துப் படுத்துக்கொண்டாள்.

படகுக்கும் நாற்காலிகளுக்கும் புகார் வந்து சேர, வெள்ளிக்கிழமை காலையில் கைது என்று முடிவாயிற்று. முந்தின நாளே மகாதேவி ஸ்வெட்டரையும் பூண்டு ஊறுகாயையும் பையில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். “ஏங்க, எங்கயாச்சும் ஓடிருவமா?” என்றாள். “ஓடுனா இம்புட்டும் பின்னால வருமே புள்ள. அந்தப் படகு வேற” என்றான் கோகுல்.

விடிந்தது. மஞ்சு விலகியபோது, கோகுலின் கோஸ் தோட்டத்தில் போலீஸ் ஸ்டேஷன் நின்றிருந்தது. தகரக் கூரை, கம்பிக் கதவு, கொடிக்கம்பம், கோகுலின் வீட்டையும் சேர்த்து வளைத்துக்கொண்ட காம்பவுண்டுச் சுவர், எதுவும் குறையவில்லை. உள்ளே ஏட்டு பாதி குடித்த டீயோடு உட்கார்ந்திருந்தார். ஸ்டேஷன் இருந்த இடத்துக்கு ஜீப்பில் வந்த இன்ஸ்பெக்டர் வெறும் செம்மண்ணைப் பார்த்துவிட்டு, விசாரித்து வந்து சேர்ந்தார். ஸ்டேஷன் காணாமல் போனதாகப் புகார் கொடுக்க ஸ்டேஷனுக்குள் போனார். ஏட்டு எழுந்து சல்யூட் வைத்தார்.

“அக்யூஸ்டு எங்கய்யா?”

“ஸ்டேஷன் காம்பவுண்டுக்குள்ளதான் சார் இருக்கான். பல்லு வெளக்குறான்.”

இன்ஸ்பெக்டர் வெகுநேரம் யோசித்தார். கூட்டிப்போவதென்றால் எங்கே கூட்டிப்போவது? கைது நடந்தேறிவிட்டதாக மேலிடத்துக்குத் தகவல் சொன்னார். காவலில் இருப்பவன் மீது புதிய திருட்டு எதையும் ஏற்ற முடியாது என்பதால் பொருள்கள் வருவதை அதற்குமேல் யாரும் திருட்டு என்று சொல்லவில்லை. வந்ததை உரியவர்கள் வந்து எடுத்துப்போனார்கள். பகலில் கோகுல் வேன் ஓட்டினான். பொழுது சாய்ந்தால் காவலுக்குத் திரும்பினான். முனைவர்கள் இதற்குத் திறந்தவெளிச் சீர்திருத்தம் என்று பெயர் வைத்து, தனித்தனியாக உரிமை கோரினார்கள்.

அந்த வெள்ளிக்கிழமை மகாதேவி, ஜீப் கிளம்பாமல் வாசலிலேயே நிற்பதைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் படுத்துத் தூங்கிப்போனாள். வெயில் கூரைக்கு ஏறியும் எழவில்லை. ஏட்டு வயர்லெஸ் சத்தத்தைக் குறைத்துவைத்தார்.