அந்த ஒரு பக்கம்

பாலக்காட்டு மலையடியில் இருந்த அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்தவள் ஷைனி. "எல்லாரும் சொல்றாங்க" என்று எழுதிய பிள்ளை அவளிடம் தப்ப முடியாது.

"எல்லாரும்னா யாரு? எப்போ பார்த்தாங்க? ஒனக்கு எதிரா இருக்கறதையும் எழுது. அதுக்குப் பதில் சொன்னாத்தான் உன் வாதம் நிக்கும்."

அந்த வருஷம் பிள்ளைகள் எடுத்துக்கொண்ட வாதம், பின்னாலிருக்கும் கல்குவாரி வெடியால்தான் பள்ளிச் சுவர் பிளக்கிறது என்பது. விரிசலின் நுனியில் பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதினார்கள். வெடி கேட்ட நேரமெல்லாம் நோட்டில் ஏறியது. ஜூலையில் இரண்டு நாள் வெடியே இல்லை. விரிசல் மட்டும் நீண்டிருந்தது. நோட்டு எழுதிய அம்ருதா அதை விட்டுவிடப் பார்த்தாள்.

"மறைக்காதே மோளே. எழுது."

அடுத்த பக்கத்தில் பதிலையும் எழுதினார்கள். முந்தின நாள்தான் மூன்று வெடி. தளர்ந்த சுவரில் மழை இறங்கியிருக்கிறது. வெடியில்லாத மற்ற பத்தொன்பது நாளும் நுனி அசையவில்லை.

பிழை பார்க்கச் சொல்லி ஷைனி நோட்டைப் பிரசன்னாவிடம் கொடுத்தாள். மலையாளம் எடுப்பவள், பதினாலு வருஷமாக மத்தியானச் சோற்றை அவளோடு பங்கிட்டவள்.

பெற்றோர் கூட்டத்துக்குக் குவாரி முதலாளி ஜோய்ச்சன் அழைக்காமலே வந்தார். அம்ருதா வாசிக்க எழுந்ததும் சட்டைப்பையிலிருந்து ஒரு ஜெராக்ஸை விரித்தார்.

"வெடியில்லாத நாள்லயும் சுவரு பிளந்துச்சாம். ஒங்க பிள்ளைங்க எழுதினதுதான். இனி மழைக்கும் நான்தான் காரணமா?"

கூட்டம் சிரித்தது. "பதில் அடுத்த பக்கத்துல இருக்கு!" என்று ஷைனி கத்தினாள்.

"என்கிட்ட இந்தப் பக்கம்தான் இருக்கு டீச்சரே."

பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். மேஜையில் கிடந்த ஜெராக்ஸை ஷைனி எடுத்துப் பார்த்தாள். ஒரு எழுத்துப்பிழை வட்டமிட்டுத் திருத்தப்பட்டிருந்தது. பிரசன்னாவின் கையெழுத்து.

ஆசிரியர் அறையில் பிரசன்னா தலை நிமிரவில்லை. "எம் பையனுக்கு அங்க ஆபீஸ்ல வேலை போட்டுக் கொடுத்தாங்கடி. ஒரே ஒரு பக்கம்தானே கேட்டாங்க."

"எந்தப் பக்கம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

பிரசன்னா சோற்று டப்பாவை மூடிப் பையில் வைத்தாள்.

வெளியே அம்ருதா நின்றிருந்தாள். "நோட்டு உங்ககிட்டதானே டீச்சர் இருந்துச்சு?"

"ஒருத்தரை நம்பிக் கொடுத்தேன் மோளே."

"யாருகிட்ட?"

ஷைனியால் பெயரைச் சொல்ல முடியவில்லை. அம்ருதா பையை மாட்டிக்கொண்டு நடந்தாள்.

மறுவாரம் முழு நோட்டும் ஒரு மனுவோடு கலெக்டருக்குப் போனது. மனுவில் பதினோரு வீட்டில் கையெழுத்துப் போட்டார்கள். அம்ருதா வீட்டில் போடவில்லை.