பக்கவாசல் அறை

எங்கள் ஊர் ரயில் நிலையத்தை இடிக்க இயந்திரம் வந்தபோது, அதன் முன்னால் போய் நின்றவர்களில் நானும் ஒருத்தி. வெர்னெல் என்ற என்னை ஊரில் தெரியாதவர் கிடையாது. ரயில் வராவிட்டால் போகட்டும், கட்டடம் போகக் கூடாது என்று தொண்டை கிழியக் கத்தினோம். கட்டடம் பிழைத்தது. பெரிய கூடத்துக்கு மெருகேற்றிக் கல்யாணங்களுக்கு விட்டார்கள். நல்ல விஷயம்தான்.

அப்புறம்தான் நிர்வாகி மிஸஸ் விட்லாக்கின் கண்ணில் பக்கவாசல் அறை பட்டது. அந்தக் காலத்தில் பெரிய கூடம் வெள்ளைக்காரர்களுக்கு; கறுப்பர்களான எங்களைத் தனியாக உட்காரவைத்த அறை இது. அதன் சுவரை உடைத்து, கல்யாண விருந்தினருக்குக் கழிப்பறை கட்டப் போகிறாளாம்.

நிலையத்தில் இருந்த கழிப்பறையெல்லாம் அன்றைக்கு வெள்ளைக்காரர்களுக்கு. ஆறு வயதில், தாமதமான சிகாகோ ரயிலுக்காகக் காத்திருந்து, அந்த அறை பெஞ்சிலேயே பாவாடையை நனைத்துக்கொண்டவள் நான். அம்மா அவமானத்தில் யார் முகத்தையும் பார்க்கவில்லை, என் முகத்தையும்தான்.

சுத்தியலோடு ஆட்கள் வந்த காலையில், அவர்களுக்கு முன்னால் நான் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். என் அண்ணி எர்னஸ்டீன் ஜன்னலுக்கு வெளியே பத்திரிகைக்காரரோடு நின்றாள்.

"மிஸ் வெர்னெல், அந்தப் பழைய அசிங்கமெல்லாம் எதுக்கு? எல்லாரும் மறக்கத்தானே நினைக்கறாங்க" என்றாள் விட்லாக்.

"உனக்கென்னம்மா, மறந்துடுவ. பெரிய கூடத்துல உக்காந்தவங்க வீட்டுப் பொண்ணு."

பத்திரிகைக்காரரைப் பார்த்து, போலீஸைக் கூப்பிட அவள் பயந்தாள். நான் வெளியே போனால் திரும்ப உள்ளே விடக் கூடாது என்று மட்டும் காவலாளியிடம் சொல்லிவைத்தாள். எழுபத்தெட்டு வயதுக்காரி எவ்வளவு நேரம் அடக்குவாள் என்பது அவள் கணக்கு. எர்னஸ்டீனோ ஜன்னல் வழியாக ஐஸ் டீயை நீட்டிக்கொண்டே இருந்தாள், மகராசி.

மதியம் விட்லாக் சிரித்தபடி வந்தாள். "என் ஆபீஸ்ல சுத்தமான பாத்ரூம் இருக்கு. போயிட்டு வாங்களேன்."

"வந்தா உள்ள விடுவியா?"

அவள் காவலாளியைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பினேன். "அண்ணி, ஒரு வாளி குடு. பெரிய மேஜை விரிப்பு ஒண்ணும்."

"அடிப்பாவி, நெஜமாவா?"

விட்லாக்கின் முகம் செக்கச்செவேல் என்று ஆனது. "மிஸ் வெர்னெல்! இங்கேயா?"

"ஏன், இங்க கக்கூஸ்தானே கட்டப் போற? திறப்பு விழாவ நானே நடத்திக் குடுத்துடறேன்."

ஆட்கள் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். அவர்களைத் தடுக்க விட்லாக் பின்னாலேயே ஓடினாள். நான் விரிப்பைச் சுற்றிக்கொண்டு, அவசரப்படாமல் என் வேலையை முடித்தேன். ஜன்னலுக்கு வெளியே பத்திரிகைக்காரர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் அந்தச் சுவரை யாரும் தொடவில்லை.