சமையல்காரர் சாகும் காட்சி

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் அலுவலகப் படியேறி வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தது.

கடற்கொள்ளையர்கள் ஒரு சரக்குக் கப்பலைப் பிடித்து ஐம்பத்திரண்டு நாள் வைத்திருந்த உண்மைச் சம்பவத்தைக் கொண்டு ஒரு படம் வந்தது. அதற்குத் திரைக்கதை எழுதிய மூன்று பேரில் நான் மூன்றாமவன். என் பெயர் திரையில் ஓடும்போது பாதிப் பேர் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். கப்பலில் பத்தொன்பது பேர் இருந்தார்கள், ஒருவர் இறந்தார். எங்கள் படத்தில் இறப்பவர் கப்பலின் சமையல்காரர். நிஜச் சமையல்காரர் கடலை விட்டுவிட்டு, இப்போது ஒரு மருத்துவமனை கேன்டீனில் தினமும் காலை ஆறு மணிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறார்.

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

"கடல் அமைதியாக இருந்தது." [அடித்தாயிற்று. கடலில் நான் நனைந்தது முழங்கால் வரைதான். அது எப்போது அமைதியாக இருக்கும் என்று எனக்கென்ன தெரியும்.]

"துப்பாக்கியைக் கண்டதும் சமையல்காரரின் மனதில் அவருடைய தாயின் முகம்" [வேண்டாம். இதை ஏற்கெனவே ஒருமுறை எழுதித்தான் மாட்டிக்கொண்டேன்.]

அவர் குடும்பத்தோடு படம் பார்க்கப் போனார். இது நடந்தது. இங்கிருந்தே போவோம்.

2

படம் வெளியான மூன்றாம் நாள், ஞாயிறு மதியக் காட்சி. சமையல்காரர், மனைவி, பன்னிரண்டு வயது மகள், மனைவியின் தம்பி. டிக்கெட் எடுத்தது மச்சான்தான். "மாமா, உங்க வேஷத்துக்கு ஆறடி ஆளப் போட்டிருக்காங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். சமையல்காரர் ஐந்தடி இரண்டங்குலம். படப்பிடிப்புக்கு முன்னால் எங்கள் ஆட்கள் அவர் வீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள், கையெழுத்தும் வாங்கினார்கள். நீங்கள் சாகப் போகிறீர்கள் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

நாற்பத்தோராம் நிமிடம். கொள்ளையர் தலைவன் கேப்டனுக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டுகிறான். கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியோடு சமையல்காரர் குறுக்கே பாய்கிறார். மூன்று குண்டுகள். பிறகு நாலரை நிமிடம் தன் அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டே சாகிறார். (அந்த நாலரை நிமிடமும் என் எழுத்து. நன்றாக வந்திருக்கிறது என்று அன்று நினைத்தேன். இன்றும் கொஞ்சம் நினைக்கிறேன்.)

அரங்கமே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. நிஜச் சமையல்காரர் மனைவியின் பக்கம் சாய்ந்தார்.

"எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் காயாது."

"உஷ், பேசாதீங்க" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நீங்க செத்துட்டிருக்கீங்க."

வீடு வந்து சேரும் வரை மகள் அவர் கையை விடவில்லை. மச்சான்தான் தலைகால் புரியாமல் இருந்தான். "யோசிச்சுப் பாருங்க மாமா. இப்படி ஒரு சாவு யாருக்குக் கெடைக்கும்?"

3

அதற்குப் பிறகு நடந்தவற்றை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். மிகைப்படுத்த எனக்கு இடமே வைக்கவில்லை.

கீழ்வீட்டுத் தையல்காரர் மாலையோடு மாடியேறி வந்தார். கதவைத் திறந்தது சமையல்காரர். இருவரும் கொஞ்ச நேரம் மாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கழுத்தில் போடுவதா, படத்துக்குப் போடுவதா என்று தையல்காரருக்குப் பிடிபடவில்லை. கடைசியில் கதவின் கைப்பிடியில் மாட்டிவிட்டு, "பொண்ணுக்கு எதாச்சும் வேணும்னா கூச்சப்படாம கேளுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கேன்டீன் மேலாளர் கல்லாவுக்கு மேலே ஒரு படம் மாட்டினார். ஆறடி நடிகரின் படம். அதற்கு நேர் கீழே நின்று சமையல்காரர் தட்டு நீட்டுகிறவர்களுக்குப் பரிமாறினார். அவரவர் படத்தைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டு, "கொஞ்சம் குழம்பு ஊத்துப்பா" என்றார்கள்.

மகளின் பள்ளியில் ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தார்கள். தலைமையாசிரியை தொலைபேசியில் தயங்கித் தயங்கிப் பேசினார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். பிள்ளைங்க எல்லாம் உங்களுக்காக அழுதிருக்காங்க. இப்ப நீங்களே வந்து நின்னா குழம்பிடுவாங்க. உங்க சார்பா குடும்பத்துல வேற யாராவது வந்தா நல்லா இருக்கும்." மச்சான் போனான். முக்கால் மணி நேரம் பேசினான். பேசியதில் பாதி என் வசனம்.

நிஜத்தில் என்ன நடந்தது என்று கேட்டவர்களும் உண்டு. "சமைச்சேன்" என்பார் அவர். "எங்க ஆளுங்களுக்கும் சமைச்சேன், அவனுங்களுக்கும் சமைச்சேன். உப்பு கம்மியா போடுன்னு சொல்வானுங்க." கேட்டவர்கள் முகம் விழுந்துவிடும். ஐம்பத்திரண்டு நாளும் கொள்ளைக்காரனுக்கு உப்புப் பார்த்துப் போட்ட ஆளை யாருக்குப் பிடிக்கும்?

[இங்கேதான் இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. ஒரு மனிதர் இதையெல்லாம் பேசாமல் பொறுத்துக்கொண்டிருப்பாரா? ஒருநாள்கூட அந்த ஆறடி மேல் ஆசை வந்திருக்காதா? கேட்டேன். இல்லை என்றார். மறுநாள் காலை அவரே தொலைபேசியில் கூப்பிட்டு, "ஒரு தடவை" என்றார்.]

பேருந்தில் பக்கத்தில் இருந்த ஆள் படத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்திருக்கிறார். "அந்தக் கப்பல்ல நானும் இருந்தேன்." "அப்படியா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?" சமையல்காரர் சட்டைப் பொத்தானில் கையை வைத்து, "இங்கதான்" என்றாராம். அந்த ஆள் எழுந்து ஜன்னலோர இடத்தை விட்டுக்கொடுத்தார். அங்கே உட்கார்ந்துகொண்டு ஏழு நிறுத்தம் வந்திருக்கிறார்.

"வெக்கமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"காத்து நல்லா வந்துச்சு" என்றார்.

4

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. வாசலில் ஒரு பெண் நின்றாள். கப்பலில் வேலை பார்த்த ஆயில்மேனின் மனைவி. ஆயில்மேன் என்பவர் இயந்திர அறையில் எண்ணெய் போட்டு, சூடு பார்த்து, எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று கவனிக்கிறவர். அந்தக் கப்பலில் நிஜமாகவே இறந்த ஒருவர் அவர்தான்.

அவள் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பிறகு சொன்னாள்: "படத்த நாலு தடவ பாத்தேண்ணா."

சமையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மொத தடவ, இடைவேளைக்கு அப்புறம் வருவாருன்னு உக்காந்திருந்தேன். ரெண்டாவது தடவ, நான் பாத்ரூம் போனப்ப வந்துட்டுப் போயிருப்பாரோன்னு தோணுச்சு. மூணாவது தடவ எழுந்திரிக்கவே இல்ல. நாலாவது தடவதான் புரிஞ்சுது. அவரு சாவ உங்களுக்குக் குடுத்துட்டாங்க."

"நான் கேட்டு வாங்கலம்மா."

"வாங்குனீங்களோ இல்லையோ, இப்ப உங்ககிட்டதானே இருக்கு."

மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். கதவில் தொங்கிய மாலையைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அவரு கடைசியா என்ன சொன்னாரு?" என்று வந்தவள் கேட்டாள்.

"அதான் அப்பவே கடிதம் போட்டேனேம்மா."

"போட்டீங்க. பிள்ளைங்கள நல்லா படிக்க வைக்கச் சொன்னாருன்னு எழுதியிருந்தீங்க." தம்ளரைக் கீழே வைத்தாள். "எங்களுக்குப் பிள்ளையே இல்லையேண்ணா."

அவளுக்குக் கோபமில்லை. நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார் என்று அன்றைக்கே விட்டுவிட்டாளாம். (இறக்கிறவன் வாயில் சொல்லை வைக்கிற புத்தி எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.)

5

இப்போது அவர்கள் என் படியேறி வருகிறார்கள். சமையல்காரர், ஆயில்மேனின் மனைவி, கூடவே மச்சான். மச்சான் என்னோடு நின்று படமெடுத்துக்கொள்ள வந்தவன்.

நான் விளக்கினேன். பத்தொன்பது பேரைப் பார்வையாளர் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள், ஏழு பேராக்கினோம். கேப்டனிலேயே மூன்று பேர் இருக்கிறார்கள். அன்றைய கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: குக் கையிலும் எண்ணெய், ஆயில்மேன் கையிலும் எண்ணெய், ஒரே ஆளாகப் போட்டால் என்ன? எல்லோரும் சிரித்தோம். தேநீர் வந்தது. அதோடு முடிந்தது.

"என் வீட்டுக்காரருல எவ்வளவு இவருகிட்ட போயிருக்கு?" என்று அவள் கேட்டாள்.

"சாவு மட்டும்தாங்க."

"மத்ததெல்லாம்?"

மற்றதை நாங்கள் எடுக்கவே இல்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

படத்தின் கடைசியில், "உயிர்நீத்த சமையல்காரருக்கு" என்று ஓர் அர்ப்பண வரி வரும். அதையாவது மாற்றலாம் என்று தயாரிப்பாளரின் வக்கீலிடம் அவர்களை அழைத்துப் போனேன். அவர் கோப்பைப் புரட்டினார். "மாத்தலாம். ஆனா அர்ப்பணம் யாருக்கோ, அவங்க சைடுல இருந்து ஆட்சேபணை இல்லேன்னு கடிதம் வேணும். இறந்தவரோட வாரிசு குடுக்கணும்."

"நானே தர்றேன் சார்" என்றார் சமையல்காரர்.

"நீங்க யாரு?"

"அந்தச் சமையல்காரர்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க உயிரோட இருக்கீங்களே. நீங்க எப்படிக் குடுக்க முடியும்?"

"எங்க மாமாவுக்கு வாரிசுன்னா பொண்ணுதான் சார்" என்றான் மச்சான். "அவளுக்குப் பன்னெண்டு வயசு. பதினெட்டு ஆகற வரைக்கும் பொறுக்கலாமா?" வக்கீல் அதைக் குறித்துக்கொண்டார்.

[இந்த இடத்தில், மச்சானையும் வக்கீலையும் ஒருவராக்கினால் ஒரு பக்கம் மிச்சமாகுமே என்று பார்த்தேன். பழக்கம் விடுகிறதா?]

6

முடிவுக்கு இரண்டு வரைவுகள் கையில் இருக்கின்றன.

முடிவு அ: தயாரிப்பாளர் மனம் மாறி [மாறவில்லை.]

முடிவு ஆ: சமையல்காரர் அரங்கில் எழுந்து நின்று உண்மையைச் சொல்ல, கூட்டமும் எழுந்து நின்று

எழுந்து நின்றார், அது உண்மை. புதன்கிழமை மதியக் காட்சி, படம் தூக்கப்படுவதற்கு முந்தைய நாள். எங்களைச் சேர்க்காமல் ஒன்பது பேர் இருந்தார்கள். நடு வரிசையில் சமையல்காரர், அவர் மனைவி, ஆயில்மேனின் மனைவி, பின்வரிசையில் நான். நாற்பத்தோராம் நிமிடத்தில் அவர் எழுந்து, திரைக்கு முதுகைக் காட்டி நின்றார். குண்டடிபட்ட ஆறடிக்காரர் அவர் தலைக்குமேல் சரிந்துகொண்டிருந்தார்.

"இதுல செத்தது சமையல்காரர் இல்ல. ஆயில்மேன். அத சொல்லத்தான் வந்தேன்."

"மறைக்குது, உக்காருங்க" என்றது ஒரு குரல்.

"நான்தான் அந்தச் சமையல்காரர்."

"அவருதான் செத்துட்டாரே" என்றார் இன்னொருவர், திரையைக் காட்டி. அவர் சொல்வதிலும் தவறில்லை. ஆறடிக்காரர் கண்ணெதிரே அழுதுகொண்டே செத்துக்கொண்டிருந்தார்.

ஆயில்மேனின் மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வாங்கண்ணா, வெளிய போலாம். அவங்க பாக்கட்டும்."

வெளியே சுவரோரம் ஒரு மரப் பலகை. மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். நான் விளம்பரப் பலகைக்குப் பக்கத்தில் நின்றேன்.

"இப்ப சொல்லுங்க" என்றாள்.

சொன்னார். இருபத்தொன்பதாம் நாள். கொள்ளையர்கள் ஏசியை நாள் முழுக்க ஓடவிட்டதில் ஜெனரேட்டர் சூடேறிவிட்டது. ஆயில்மேன் அதை அணைக்கத்தான் ஓடினார். தப்பிக்கிறார் என்று நினைத்து ஒருவன் சுட்டுவிட்டான். பக்கத்தில் இருந்தது சமையலறை மேசைதான். அதன்மேல் படுக்க வைத்து, தலைக்கு மாவு மூட்டையை அண்டக் கொடுத்தார்கள். கால் மணி நேரம் உயிர் இருந்தது. சமையல்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். தன் கையில் வெங்காய வாடை அடிக்குமே என்று அது வேறு மனதை உறுத்தியதாம்.

"என்ன சொன்னாரு?"

"அணைச்சாச்சான்னு கேட்டாரும்மா. ரெண்டு மூணு தடவ. அணைச்சாச்சா, அணைச்சாச்சான்னு. நான் அணைச்சாச்சுன்னு சொன்னேன்."

"அணைச்சீங்களா?"

"இல்ல. எந்த ஸ்விட்சுன்னே எனக்குத் தெரியாது."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்தாமல். டிக்கெட் கிழிப்பவர் திரும்பிப் பார்த்தார்.

"அவருதான்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அவரேதான். எங்க கெளம்பினாலும் பாதி வழியில நிப்பாரு. அடுப்ப அணைச்சாச்சான்னு கேப்பாரு. ஆச்சுன்னு சொன்னாலும் நம்பாம திரும்பிப் போயிப் பாத்துட்டு வருவாரு. கல்யாணத்தன்னிக்கே பாத்தாரு."

சமையல்காரரின் மனைவி அவள் முதுகில் கை வைத்தாள்.

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் அவள், "டிக்கெட் எடுத்தாச்சு, மிச்சத்தையும் பாத்துட்டுப் போவோம்" என்று எழுந்துவிட்டாள். உள்ளே போனோம். திரையில் கேப்டன் அடிவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொள்ளையர்கள் கோட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். சமையல்காரர் கவனமாகப் பார்த்தார். பத்து நிமிடம் கழித்து, இருக்கையின் மேல் கையை ஊன்றி என் பக்கம் திரும்பினார்.

"சார், ஒரு சந்தேகம். நான் செத்ததுக்கப்புறம் சமையல் யாரு பண்றாங்க?"

எனக்குத் தெரியவில்லை. மூன்று பேர் எழுதினோம், எட்டு மாதம் எழுதினோம், ஒருவருக்கும் அது தோன்றவில்லை. இன்னும் இருபத்து மூன்று நாள் பாக்கி. எங்கள் ஏழு பேரில் மிச்சம் ஆறு பேர், கூட ஆறு கொள்ளையர்கள். அத்தனை பேருக்கும் பசிக்கும். நீங்களே யாரையாவது அந்தச் சமையலறைக்கு அனுப்புங்கள். உப்பு கம்மியாகப் போடச் சொல்லுங்கள்.