முதலில் கண்டவள்

வனத்துறையின் காவல் லாஞ்சில் ஏறும்போதே இருளம்மாளுக்கு மனசு சரியில்லை. வரும் வழியில் தங்கை செவ்வந்தியின் வீடு பூட்டிக் கிடந்தது. ஒரு வாரமாக அந்த வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. சோறு கொடுத்தனுப்பினால் திருப்பி அனுப்புகிற வீம்புக்காரி அவள்.

வாலிநோக்கத்துக்குப் பக்கத்திலிருந்த அந்த ஊரில், கடல்பாசி எடுத்து விற்கும் பெண்களும் வனத்துறையும் போன வருடம்தான் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள். அதற்கு முன்பெல்லாம் பாசி விளையும் தீவுப் பக்கம் தலை தெரிந்தாலே கேஸ், ராமநாதபுரம் கோர்ட்டு, அலைச்சல். ஒப்பந்தப்படி பாசி வளரும் மாதங்களில் ஒருத்தியும் கடலில் இறங்கக் கூடாது; இது அந்த மாதம்தான். மற்ற மாதங்களில் யாரும் தடுக்க மாட்டார்கள். காவல் லாஞ்சில் ஊர்க் கமிட்டிப் பெண் ஒருத்தியும் போக வேண்டும்; இன்றைக்கு இருளம்மாள் முறை. மீறுகிறவளை அவள் முதலில் கண்டு சொன்னால் தண்டனை ஊர் கையில். வனத்துறை முதலில் கண்டுவிட்டால் கேஸ். அதோடு தீவும் எல்லாருக்கும் மூடப்படும். இந்த விதியை அதிகாரிகளிடம் தொண்டை வற்றப் பேசி வாங்கியவளே இருளம்மாள்தான். வினையை விலைக்கு வாங்குகிறோம் என்று அன்றைக்கு அவளுக்குத் தெரியவில்லை.

தீவை நெருங்கியதும், கடலடிப் பாறைத் திட்டான பார் அங்கே மேடு என்பதால் டிரைவர் சுஐபு வேகத்தைக் குறைத்தார். வனத்துறை கார்டு பால்சாமி முன்புறம் நின்று கரைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கடல் பக்கம் ஒரு கை மேலே வந்தது. பிறகுதான் தலை வந்தது. இடது கையை முன்னால் நீட்டி மேலே வருகிறவள் அந்த ஊரில் ஒருத்திதான்.

இருளம்மாள் பால்சாமியைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் அந்த மனுஷன் கழுத்தைத் திருப்பினால் போதும், ஊர்ப் பெண்கள் அத்தனை பேர் பிழைப்பிலும் மண் விழும். தங்கச்சி மேல் அவளுக்குக் கொலைவெறியே வந்தது. எழுந்து நின்று கத்தினாள்.

"செவ்வந்தீ!"

செவ்வந்தி லாஞ்சைப் பார்த்தாள். சட்டென்று முங்கிவிட்டாள்.

அப்போதுதான் இருளம்மாளுக்கு உறைத்தது. கேஸுக்குப் பயந்து பாசி எடுத்த காலத்தில், வனத்துறை லாஞ்சு வந்தால் வத்தைத் தோணியில் காவலுக்கு இருப்பவள் பெயர் சொல்லிக் கத்துவாள். கேட்டவள் அடியில் போய்ப் பாறையைப் பிடித்துக்கொண்டு மூச்சடக்கிக் கிடப்பாள். அக்கா தன்னை ஒளியச் சொல்கிறாள் என்றே செவ்வந்தி நம்பிவிட்டாள். லாஞ்சோ அவள் முங்கிய இடத்துக்கு நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"இஞ்சின அமத்துங்க பாய்!"

சத்தம் நின்றது. பால்சாமி திரும்பிப் பார்த்தார். தண்ணீர்தான் தெரிந்தது.

"யாரும்மா அங்க?"

"எந்தங்கச்சி. மொதல்ல பாத்தது நானு."

செவ்வந்தி மேலே வரவில்லை. அலை லாஞ்சை மெல்ல அந்தப் பக்கமே தள்ளியது. இன்னும் வரவில்லை. காலையிலிருந்து ஒரு வாய்க் கஞ்சியாவது குடித்திருப்பாளா என்று நினைத்ததும் இருளம்மாளுக்குப் பொறுக்கவில்லை. சேலையோடு குதித்தாள்.

பாரின் அடியில், துணி சுற்றிய விரல்களால் பாறையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கிடந்தாள் செவ்வந்தி. இருளம்மாள் தோளைப் பிடித்து இழுத்தாள். செவ்வந்தி தலையை ஆட்டினாள். அக்காவின் கையைப் பற்றி, நீயும் ஒளிந்துகொள் என்பதுபோலத் தன் பக்கம் இழுத்தாள். இருளம்மாளின் நெஞ்சு வெடித்துவிடும்போல இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இடுப்பைக் கட்டி, காலை உதைத்து மேலே கொண்டுவந்தாள்.

செவ்வந்தி இருமினாள். மூச்சு வாங்கியது. அக்காவின் தோளைக் கட்டிக்கொண்டு, காதோரம் கேட்டாள்.

"போயிட்டாங்களாக்கா?"

லாஞ்சு அவள் முதுகுக்குப் பின்னால்தான் நின்றது. இருளம்மாள் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துத் தண்ணீருக்கு மேலே தூக்கிக் காட்டினாள்.

"கார்டய்யா, இவ ஊரு புடிச்ச ஆளு. தண்டன ஊருதான் குடுக்கணும்."

பால்சாமி சற்று யோசித்துவிட்டுத் தலையசைத்தார். கேஸ் இல்லை, தீவு தப்பித்தது. செவ்வந்தி அக்காவின் தோளிலிருந்து கையை எடுத்தாள். தானே நீந்திப் போய், சுஐபு நீட்டிய கையைப் பிடித்து லாஞ்சில் ஏறினாள். ஊர் வந்து சேரும்வரை கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா பக்கம் திரும்பவே இல்லை.